பெயர் பொறித்த சுவர்கள்: ஆர்மேனியாவின் பழைய மடாலயங்களில் ஒரு பயணம்

கோர் விராப் மடாலயத்தின் மதிலில் கையை ஊன்றி நின்றால் அரராத் மலை முழுதாகத் தெரியும். 5,137 மீற்றர் உயரம். உச்சியில் கோடையிலும் பனி இருக்கும். ஆர்மேனியாவின் அரச இலச்சினையில் இருப்பது இந்த மலைதான். அவர்களுடைய பிரபலமான பிராந்திப் போத்தலில் இருப்பதும் இதுதான். ஆனால் மலை இருப்பது துருக்கியில். மடாலயத்துக்கும் மலைக்கும் நடுவே வயல்கள், அராக்ஸ் ஆறு, வேலி, காவற்கோபுரங்கள். 1993ஆம் ஆண்டிலிருந்து அந்த எல்லை மூடப்பட்டிருக்கிறது.

நான் போயிருந்த காலையில் ஒரு முதியவர் தன் பேரனைத் தூக்கி மதிலில் நிறுத்தி, மலைக்கு இடதுபுறமாக எதையோ சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். என்ன காட்டுகிறார் என்று எங்கள் சாரதியிடம் கேட்டேன். "அவருடைய பாட்டனாரின் ஊர் மலைக்குப் பின்னால் இருந்ததாம்" என்றார். சின்னப் பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஐஸ்கிறீம் கேட்டான்.

ஆர்மேனியாவுக்குப் போகிற பயணிகளில் பெரும்பாலானோர் மடாலயங்களைப் பார்க்கத்தான் போகிறார்கள். எந்தப் பள்ளத்தாக்கில் திரும்பினாலும் ஒன்று நிற்கும். மூன்றாவது நாளோடு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றத் தொடங்கிவிடும் என்று சொல்லி அனுப்பியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சுவர்களில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர் வாசித்துச் சொல்லத் தொடங்கிய பிறகு, கூரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு நான் சுவரைத்தான் பார்த்தேன்.

முதலில் கோர் விராப்பை முடித்துவிடுகிறேன். பெயரின் பொருள் ஆழமான குழி. மன்னன் மூன்றாம் திரிதாத், கிறிஸ்தவத்தைப் போதித்த கிரிகோரை இந்தக் குழியில் 13 ஆண்டுகள் அடைத்து வைத்திருந்தான் என்பது மரபு. பின்னர் அரசனே நோயுற்று, கிரிகோரால் குணமாகி, 301ஆம் ஆண்டில் நாட்டையே கிறிஸ்தவ நாடாக்கினான் என்கிறார்கள். உலகில் கிறிஸ்தவத்தை அரச மதமாக ஏற்ற முதல் நாடு தாங்கள்தான் என்று ஆர்மேனியர் சொல்வது இந்த ஆண்டை வைத்துத்தான். குழிக்குள் இறங்கலாம். இரும்பு ஏணி ஏறக்குறைய செங்குத்தாகப் போகிறது. ஆறு மீற்றருக்கு மேல் ஆழம். அடியில் காற்று இல்லை, மெழுகுதிரிப் புகை மட்டும். நான் இரண்டு நிமிடத்தில் ஏறிவிட்டேன். பங்கருக்குள் இருந்து பழகிய உடம்பு மண்ணுக்கடியில் நிற்கச் சம்மதிக்காது. மூட்டுவலியோ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள் மேலே நின்று எட்டிப் பார்ப்பதே போதும்.

கட்டடத்தைப் பற்றி ஓரளவு தெரிந்துகொண்டு போவது நல்லது. ஆர்மேனியத் தேவாலயம் வெளியே பார்க்கச் சிறிதாக, தடித்ததாக, கிட்டத்தட்ட ஒரு கோட்டைபோல இருக்கும். சிறிய சன்னல்கள். நடுவில் உருளை வடிவக் கழுத்தின் மேல் கூம்புக் கூரை. எரிமலைக் கல்லை இரண்டு பக்கமும் செதுக்கி அடுக்கி, நடுவே சுண்ணாம்புச் சாந்தையும் கற்சல்லியையும் நிரப்புவார்கள். இது பூகம்ப நாடு. 1988 டிசம்பர் 7ஆம் திகதிப் பூகம்பத்தில் மட்டும் சுமார் 25,000 பேர் இறந்தார்கள். சோவியத் காலத்து மாடிவீடுகள் பொலபொலவென்று கொட்டிய அதே வட பகுதியில் ஆயிரம் வருடத்து மடாலயங்கள் சில நின்று பிடித்தன.

தேவாலயத்துக்கு முன்னால் ஒட்டியபடி இன்னொரு மண்டபம் இருக்கும். காவித் என்று பெயர். பலருக்கு இதை வாசல் மண்டபம் என்று கடந்துபோகத்தான் தோன்றும். ஆனால் மடாலயத்தின் உயிர் அங்கேதான் இருந்தது. கூட்டம் நடந்தது அங்கே, வழக்குத் தீர்த்தது அங்கே, இறந்தவர்களைப் புதைத்ததும் அங்கேதான். நான் சொன்ன எழுத்துகள் அதிகம் இருப்பதும் அதன் சுவர்களில்தான்.

அவை பெரும்பாலும் பைபிள் வசனங்கள் அல்ல. ஒப்பந்தங்கள். இன்னார் மகன் இன்னான் தன் திராட்சைத் தோட்டத்தை மடத்துக்குக் கொடுத்தான், பதிலாக வருடத்தில் இன்ன திருநாளில் இத்தனை பூசை அவன் பெயரிலும் அவன் தாயின் பெயரிலும் ஒப்புக்கொடுக்கத் துறவிகள் இணங்கினார்கள் என்பதுபோல இருக்கும். மீறுகிறவர்களுக்குச் சாபமும் கூடவே எழுதியிருக்கும். நிசேயா சங்கத்தில் கூடிய 318 பிதாக்களாலும் சபிக்கப்படுவான் என்பது வழக்கமான வாய்பாடு. காணி உறுதியைக் கோயில் சுவரில் எழுதி வைத்த சமூகம் என்று நினைத்துக்கொண்டேன். கடதாசி எரிந்துவிடும் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

கெகார்டும் சனாஹினும்

ஒரே ஒரு மடாலயத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கெகார்டுக்குப் போங்கள். யெரெவானிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர். பஸ் கார்னி வரைதான் போகும், அங்கிருந்து வாடகைக் கார் பிடிக்கவேண்டும். கார்னியில் முதலாம் நூற்றாண்டின் கிரேக்கப் பாணிக் கோயில் ஒன்று இருக்கிறது. 1679 பூகம்பத்தில் விழுந்து, 1970களில் திரும்ப எடுத்துக் கட்டியது. அங்கே அரை மணித்தியாலம் போதும்.

கெகார்டில் பிரதான தேவாலயம் 1215ஆம் ஆண்டினது. அதன் பின்னால் உள்ள அறைகள் மலைக்குள் குடையப்பட்டவை. தூண், வளைவு, கூரை, சுவர்ச் சிற்பம் எல்லாம் ஒரே பாறை. வெளிச்சம் கூரையில் உள்ள ஒரு துவாரத்தால் மட்டும் வருகிறது. ஒரு அறைக்குள் சுவரோரமாக நீரூற்று ஓடுகிறது, சனங்கள் போத்தலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மேல் அறையில் ஒருவர் மெதுவாக ஒரு சுரத்தை இழுத்துவிட்டு நிறுத்தினால், அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கும். குழுவாக வருகிற உல்லாசப் பயணிகள் எல்லோரும் கைதட்டிப் பார்க்கிறார்கள். அவர்கள் போகும்வரை காத்திருங்கள்.

வெளியே மரக்கிளைகளில் நேர்த்திக்காகக் கட்டிய துணித்துண்டுகள். ஒரு குடும்பம் செம்மறியாடு ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. மதாக் என்பார்கள். குருவானவர் உப்பை மந்திரித்துக் கொடுப்பார், பிறகு ஆட்டை வெட்டி, உப்புப் போட்டு அவித்து, இறைச்சியை அயலுக்கும் ஏழைகளுக்கும் பங்கிடவேண்டும். வைத்துச் சாப்பிடக்கூடாது. ராணுவத்திலிருந்து மகன் உயிரோடு திரும்பிவந்ததற்கான நேர்த்தி அது என்று சாரதி விசாரித்துச் சொன்னார். எங்களுக்கும் ஒரு துண்டு ரொட்டியில் சுற்றித் தந்தார்கள்.

வடக்கே லோரி மாவட்டத்தில் ஹக்பாட், சனாஹின் என்று இரண்டு மடாலயங்கள், இரண்டும் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, இரண்டும் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளவை. இடையே சில கிலோமீற்றர்தான். ஹக்பாட்டின் நூலக அறையில் தரையில் புதைத்த பெரிய சாடிகள் இருக்கின்றன. படையெடுப்புக் காலங்களில் ஏட்டுச்சுவடிகளை இவற்றுக்குள் ஒளித்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். வைனும் எண்ணெயும் வைத்த சாடிகள் என்று வேறு சிலர் சொல்வார்கள்.

எனக்கு சனாஹின்தான் பிடித்தது. பாசி பிடித்த கறுத்த கல். கூட்டம் இல்லை. இரண்டு தேவாலயங்களுக்கு நடுவே ஒரு நீண்ட, இருண்ட நடை. மடத்துப் பள்ளியின் மாணவர்கள் அந்தச் சுவரோரமாக உட்கார்ந்திருக்க, ஆசிரியர் நடுவே நடந்து பாடம் சொல்வாராம். காவித்தின் தரை முழுவதும் கல்லறைக் கற்கள். கால் வைக்க வேறு இடமே கிடையாது. நான் தயங்கி ஓரமாக நின்றேன். சாவி வைத்திருந்த அம்மா கையைக் காட்டி, நட, நட என்றார். மிதிபடவேண்டும் என்று விரும்பித்தான் வாசலில் புதைபட்டார்களாம். வருகிறவர்கள் மிதிக்கும்போதெல்லாம் தங்களை நினைப்பார்கள் என்ற கணக்கு. சில கற்களில் எழுத்து முழுதாகத் தேய்ந்துபோய் வழுவழுவென்று இருந்தது. எத்தனை பேர் நடந்திருப்பார்கள்!

பயத்தை உடைத்துவிட்டுப் போகும் இடம்

செவான் ஏரியின் மேற்குக் கரையில் நொராட்டுஸ் என்ற கிராமத்தின் மயானம் இருக்கிறது. தேவாலயத்தை விட இதையே பார்க்க வருகிறவர்கள் அதிகம். சுமார் 800 சிலுவைக் கற்கள், ஆர்மேனிய மொழியில் கச்கார். ஆளுயரக் கற்பலகையில் நடுவே சிலுவை, அதன் அடியிலிருந்து கிளைவிடும் இலைகள், சுற்றிலும் சரிகைபோலப் பின்னல் வேலைப்பாடு. ஒன்றைப்போல இன்னொன்று இருப்பதில்லை. தைமூரின் படை வந்தபோது ஊர்ச்சனங்கள் இந்தக் கற்களுக்குத் தலைக்கவசம் மாட்டி வாளைச் சாத்திவைத்தார்கள், தூரத்திலிருந்து பார்த்த படை பெரிய சேனை நிற்கிறது என்று நினைத்துத் திரும்பிவிட்டது என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதைதான். ஆனால் அந்திவேளையில் அந்தக் கற்களின் வரிசையைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

அங்கே ஒரு துறவியின் கல்லறையைச் சுற்றிக் கண்ணாடித் துண்டுகள் கிடக்கின்றன. பயத்தால் நித்திரை இல்லாதவர்கள் தண்ணீர்ப் போத்தலோடு வருவார்களாம். கல்லில் தண்ணீரை ஊற்றி, முகம் கழுவி, பிறகு போத்தலை அங்கேயே உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும். வாசலில் கம்பளிக் காலுறை பின்னி விற்கிற பாட்டிமார் இதை விளக்கிவிட்டு, போத்தல் வேண்டுமா என்றும் கேட்டார்கள். காலுறை மட்டும் வாங்கினேன்.

நொராட்டுஸ்தான் இன்று உலகிலேயே பெரிய சிலுவைக்கல் மயானம். முன்பு அப்படி இருக்கவில்லை. அதைவிடப் பல மடங்கு பெரியது அராக்ஸ் ஆற்றங்கரையில், இப்போது அஸர்பைஜானுக்குள் இருக்கும் நகிச்செவான் பகுதியில், ஜுல்ஃபாவில் இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அங்கே சுமார் 3,000 கற்கள் எஞ்சியிருந்தன. 1998இல் இயந்திரங்களோடு தொடங்கிய இடிப்பு 2005 டிசம்பரில் முடிந்தது. கடைசி நாட்களில் ஆற்றின் மறுகரையில், ஈரானில் நின்றவர்கள் அதைப் படம்பிடித்தார்கள். சீருடை அணிந்தவர்கள் சம்மட்டியால் அடிக்கிறார்கள், துண்டுகளை லொறியில் ஏற்றி ஆற்றில் கொட்டுகிறார்கள். அப்படி ஒரு மயானம் அங்கே இருக்கவே இல்லை என்பது அஸர்பைஜான் தரப்பின் பதில். பிறகு அந்த இடம் சமதரையாகிவிட்டது. இது எப்படி நடக்கும் என்று இந்தக் கட்டுரையை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அர்காம் அய்வாஸ்யான் என்ற ஆய்வாளர், நகிச்செவானில் பிறந்தவர், 1960களிலிருந்து 1980கள் வரை அந்தப் பகுதியின் தேவாலயங்களையும் கற்களையும் ஊர் ஊராகப் போய்ப் படம்பிடித்து வைத்திருந்தார். அன்றைக்கு அவை ஆபத்தில் இருப்பதாகப் பலருக்குத் தோன்றியிருக்காது. இன்று அங்கே என்ன இருந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு அந்தப் படங்கள் இருக்கின்றன. முன்பே எடுத்துவரப்பட்ட சில ஜுல்ஃபாக் கற்களை எச்மியாட்சின் தலைமைத் தேவாலய வளாகத்தில் பார்க்கலாம். பலர் அவற்றுக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுப் போகிறார்கள், எங்கிருந்து வந்தவை என்று தெரியாமல்.

மடாலயங்களைப் பார்க்கப் போகிறவர்கள் யெரெவானில் உள்ள மாட்டெனதரான் சுவடிக் காப்பகத்தையும் பார்க்காமல் திரும்பக்கூடாது. மடாலயங்களில் எழுதப்பட்டவை கடைசியில் வந்து சேர்ந்த இடம் அது. அங்கே 'மூஷ் பிரசங்கங்கள்' என்ற தோல்நூல் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியது, 28 கிலோ எடை. 1915 இனப்படுகொலையின்போது மூஷ் மடாலயத்தின் இடிபாட்டில் இதைக் கண்டெடுத்த இரண்டு பெண்கள், தூக்க முடியாததால் இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதியாகச் சுமந்தார்கள். ஒரு பாதி எச்மியாட்சின் வந்து சேர்ந்தது. மற்றப் பாதி எர்சுருமில் புதைத்து வைக்கப்பட்டு, பின்னர் எடுக்கப்பட்டு வந்தது. உயிர் தப்பி ஓடுகிறபோது ஒருவர் பதினான்கு கிலோவுக்கு வேறு எதையெல்லாம் தூக்கியிருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். மாவு, போர்வை, ஒரு குழந்தை. நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன்.

தெற்கே போகும் பாதை

தெற்கே நொராவாங்க் சிவப்பு மலைகளுக்கு நடுவே இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் சிற்பி மோமிக்கின் கைவண்ணம். முன்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் கைபிடியில்லாத ஒடுங்கிய கற்படியால் மேல்மாடிக்கு ஏறலாம். ஏறுவது சுலபம், இறங்கும்போதுதான் புத்தி வரும். இன்னும் தெற்கே ததேவ். யெரெவானிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீற்றர் என்பதால் ஒரே நாளில் போய்த் திரும்புவது வீண் அலைச்சல். பள்ளத்தாக்கின் மேலாக 5.7 கிலோமீற்றர் நீளமான கேபிள் காரில் போகவேண்டும். 14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளில் பெரிய பல்கலைக்கழகம் இருந்த இடம். முற்றத்தில் 904ஆம் ஆண்டில் எழுப்பிய எட்டு மீற்றர்க் கற்றூண் ஒன்று நிற்கிறது. நிலம் அதிர்ந்தால் அது ஆடும்படி கட்டியிருக்கிறார்கள். எதிரிப்படை வருவதையும் காட்டிக்கொடுக்குமாம்.

ததேவுக்குப் போகிறவர்கள் வழக்கமாகக் கோரிஸ் நகரில் தங்குவார்கள். 2023 செப்டெம்பரில் நகோர்னோ கரபாக்கிலிருந்து ஒரே வாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர் வெளியேறியபோது அவர்கள் முதலில் வந்து இறங்கிய நகரம் அதுதான். நான் தங்கிய விடுதியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா அப்படி வந்தவர். கைபேசி மொழிபெயர்ப்பில்தான் கதைத்தோம். புறப்படுவதற்கு முதல் நாள் மயானத்துக்குப் போய்த் தாய் தகப்பனின் கல்லறைகளைக் கழுவிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டாராம். அந்தப் படங்களைக் காட்டினார். கல் இன்னும் ஈரமாக இருந்தது.

"நீங்கள் எந்த நாடு, தம்பி?" என்று கேட்டார். சொன்னேன்.

"அங்கேயும் சண்டை நடந்ததல்லவா? உங்கள் ஊருக்குத் திரும்பிப் போனீர்களா?"

"போனேன் அம்மா. வீடு இல்லை. கிணறு இருந்தது."

கைபேசி அதை என்னவென்று மொழிபெயர்த்ததோ தெரியாது. "கிணறு இருந்தால் நல்லது" என்று சொல்லிவிட்டு, தேநீரோடு இன்னொரு துண்டு ரொட்டியை என் பக்கம் தள்ளினார்.

அந்தப் பிரதேசத்தின் மடாலயங்களுக்கு ஆர்மேனியாவிலிருந்து இன்று போக முடியாது. 13ஆம் நூற்றாண்டின் கந்த்சாசர் அங்கே இருக்கிறது. ததிவாங்க் இருக்கும் மாவட்டம் 2020 நவம்பரில் கைமாறுவதற்கு முந்திய நாட்களில் சனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், மணிகளை இறக்கிக்கொண்டு போனார்கள். வீடுகளுக்குத் தாங்களே தீ வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

ஆர்மேனியர் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் போவது சுலபம். அது முழுக் கதை அல்ல. 1990களின் முதலாவது கரபாக் போரில் லட்சக்கணக்கான அஸர்பைஜானியர் விரட்டப்பட்டார்கள். அக்தாம் என்ற நகரமே கல் கல்லாகப் பிய்க்கப்பட்டு வெறும் சுவர்க்காடாகக் கிடந்தது. யெரெவானில் தொழுகைக்குத் திறந்திருக்கும் பள்ளிவாசல் இன்று ஒன்றே ஒன்றுதான், 18ஆம் நூற்றாண்டின் நீலப் பள்ளிவாசல். அழகான முற்றம். மடாலயங்களைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும் என்பது என் கருத்து.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மே மாதத்திலிருந்து ஒக்டோபர் வரை நல்ல காலம். குளிர்காலத்தில் மலைப்பாதைகள் பனியால் மூடும். மடாலயங்களுக்குப் பொதுவாக நுழைவுக் கட்டணம் இல்லை. வாசலில் மெழுகுதிரி வாங்கி மணல் தட்டில் ஏற்றினால் அதுவே காணிக்கை. பெண்கள் தலையில் ஒரு துணி போட்டுக்கொள்வது மரியாதை. வெளியே வரும்போது பீடத்துக்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்து வருவார்கள், நாமும் அப்படி வந்தால் சந்தோசப்படுவார்கள். ஞாயிறு வழிபாடு நீளமானது, பெரும்பாலும் நின்றபடிதான். பழைய ஆர்மேனிய மொழியில் பாடுவார்கள். ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் இடையில் எழுந்துபோக மனம் வராது.

ஜுல்ஃபாவைப் பற்றி இன்னொன்று இருக்கிறது. அந்த நகரின் உயிருள்ள சனங்கள் அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே அப்புறப்படுத்தப்பட்டுவிட்டார்கள். 1604-05இல் பாரசீக மன்னன் ஷா அப்பாஸ் ஊரை எரித்துவிட்டு அவர்களை இஸ்ஃபஹானுக்கு நடத்திக்கொண்டு போனான். அங்கே அவர்கள் புதிய ஜுல்ஃபா என்று ஒரு ஊர் அமைத்து, வணிகர்களாகி, இந்துசமுத்திரக் கரையெங்கும் பரவினார்கள். அவர்களில் ஒரு பகுதி சென்னைக்கு வந்தது. பரங்கிமலைக்கு ஏறும் படிகளைக் கட்டுவித்த கோஜா பெட்ரஸ் உஸ்கான் அவர்களில் ஒருவர். இன்னும் பிறக்காத ஒரு சுதந்திர ஆர்மேனியாவுக்கான அரசியலமைப்பு வரைவை 18ஆம் நூற்றாண்டில் எழுதி அச்சிட்டது சென்னையில் இருந்த ஷாமிரியான் குடும்பம். உலகின் முதலாவது ஆர்மேனிய மொழிப் பத்திரிகையான 'அஸ்தராரும்' 1794இல் சென்னையில்தான் வெளிவந்தது. அதை நடத்திய குருவானவர் ஹருத்யுன் ஷ்மவோன்யான் தன் இரண்டு மகன்களையும் பறிகொடுத்தவர்.

அகதியாகச் சென்னையில் இருந்த காலத்தில் பாரிமுனை அரண்மனைக்காரன் தெருவால் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே எந்த அரண்மனையும் இல்லையே என்று ஒருநாளும் யோசித்ததில்லை. 'ஆர்மேனியன்' என்ற சொல்தான் சனங்களின் வாயில் 'அரண்மனைக்காரன்' ஆகியிருக்கிறது. ஆர்மேனியாவால் வந்த பிறகு, போன வருடம் மறுபடி போனேன். 1772இல் கட்டிய தேவாலயம், மணிக்கோபுரம், ஒரு முற்றம். வழிபாடு நடத்த ஊரில் ஆர்மேனியர் இல்லை. ஷ்மவோன்யான் புதைபட்டிருப்பது அங்கேதான்.

சனாஹினில்போலவே நடைபாதையெங்கும் கல்லறைக் கற்கள். இரவு மழை பெய்திருந்தது. எழுத்துகளின் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நின்றது. காவலாளி துடைப்பத்தால் அதைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் ஓரமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல சார், மேலயே நடங்க. பாத்து, வழுக்கும்" என்றார்.